இருதயத்தைக் காப்பது எப்படி: வாசலில் நின்று செய்யவேண்டிய வேலை

"எல்லாக் காவலோடும் உன் இருதயத்தைக் காத்துக்கொள், அதனிடத்தினின்று ஜீவஊற்று புறப்படும்." நீதிமொழிகள் 4:23 விசுவாசிகள் பலருக்கும் மனப்பாடம். செய்முறையோ அந்த வசனத்தைச் சுற்றியுள்ள வசனங்களில் இருக்கிறது. 20ஆம் வசனம் செவியைச் சாய்க்கச் சொல்கிறது. 24 வாயின் தாறுமாறுகளை அகற்றச் சொல்கிறது. 25 கண்கள் நேராய் நோக்கவேண்டும் என்கிறது. 26, 27 வசனங்கள் கால்நடையைச் சீர்தூக்கிப் பார்க்கச் சொல்கின்றன. காது, வாய், கண், கால் என்ற இந்த நான்கு வாசல்களில்தான் காவல் நிற்கவேண்டும்.

இதைச் சொன்ன சாலொமோனே பிற்காலத்தில் விழுந்தார் என்பதை மறக்கக்கூடாது. வயதுசென்றபோது அவருடைய மனைவிகள் அவர் இருதயத்தைச் சாயப்பண்ணினார்கள் என்று 1 இராஜாக்கள் 11:4 சொல்கிறது. ராஜா அநேக மனைவிகளைச் சேர்க்கக்கூடாது என்பது உபாகமம் 17:17இல் ஏற்கெனவே எழுதப்பட்டிருந்த கட்டளை. அவருக்கு அது தெரியாமல் இல்லை. ஒரே நாளில் நடந்த வீழ்ச்சியும் இல்லை. ஆகவே கீழே சொல்லப்படுபவற்றைத் தெரிந்துவைத்திருப்பதால் மட்டும் பயனில்லை, அன்றாடம் செய்யவேண்டும்.

முதல் வாரம்: எதையும் மாற்றாமல் கவனியுங்கள்

ஒரு சிறு நோட்டை எடுத்து, பக்கத்தை மூன்று பத்திகளாகப் பிரியுங்கள். முதல் பத்தியில் இன்று உள்ளே வந்தது என்ன என்று எழுதுங்கள்: பார்த்த காணொளி, கேட்ட பேச்சு, வாசித்த செய்தி, நீண்ட தொலைபேசி உரையாடல், கேட்ட பிரசங்கம். இரண்டாம் பத்தியில், ஒரு மணி நேரம் கழித்தும் மனதில் தங்கியிருந்தது எது என்று எழுதுங்கள். மூன்றாம் பத்தியில், அது உங்களை எதை நோக்கித் தள்ளியது என்று எழுதுங்கள்: ஜெபிக்கவா, ஒப்பிடவா, ஒருவரை இகழவா, பயப்படவா, எதையாவது மறைக்கவா. ஏழு நாட்கள் இதைச் செய்யுங்கள்.

இந்த ஏழு நாளும் பழக்கங்களை மாற்றவேண்டாம். மாற்றத் தொடங்கினால் நோட்டில் வருவது நீங்கள் விரும்பும் வாழ்க்கையாக இருக்கும், வாழும் வாழ்க்கையாக இராது. இன்னொரு தவறும் வழக்கமாக நடக்கும். பாவம் என்று வெளிப்படையாகத் தெரிவதை மட்டும் எழுதி, மற்றதை விட்டுவிடுவார்கள். அரை மணி நேர அரசியல் விவாதம் ஒருவருக்குள் விட்டுப்போகும் வெறுப்பு, ஆபாசக் காட்சி விட்டுப்போவதைவிட நீண்ட காலம் தங்கலாம். அதையும் எழுதுங்கள். உறவினர் ஒருவரோடு பேசிய பிறகெல்லாம் வீட்டில் எரிந்து விழுகிறீர்களா, அதையும் எழுதுங்கள்.

வாரக் கடைசியில் மூன்றாம் பத்தியை மட்டும் மேலிருந்து கீழாக வாசியுங்கள். ஒரே சொல் மூன்று நான்கு முறை வந்திருந்தால், அது நுழைந்த வாசல்தான் உங்கள் பலவீனமான வாசல். அதில் மட்டும் தொடங்குங்கள். நான்கு வாசல்களையும் ஒரே நேரத்தில் அடைக்கப் பார்ப்பவர்கள் இரண்டு வாரத்தில் களைத்துப்போய் எல்லாவற்றையும் விட்டுவிடுகிறார்கள்.

எண்ணம் வரும் நொடியில் என்ன செய்வது

ஒரு தீய எண்ணம் பாவமாக முதிர்வதில் படிகள் உண்டு என்று யாக்கோபு 1:14-15 காட்டுகிறது: இழுக்கப்படுதல், சிக்குதல், இச்சை கர்ப்பந்தரித்தல், பாவம் பிறத்தல், மரணம். சுமார் 7ஆம் நூற்றாண்டில் சீனாய் மலை மடத்தின் தலைவராயிருந்த யோவான் கிளிமாக்கஸ் இதை இன்னும் நுணுக்கமாகப் பிரித்தார். முதலில் எண்ணம் வந்து தட்டுகிறது. பிறகு அதோடு பேச்சுக் கொடுக்கிறோம். பிறகு சம்மதிக்கிறோம். பிறகு அது நம்மைச் சிறைபிடிக்கிறது. கடைசியில் அது மாறாத பழக்கமாகிறது. எங்கே நிற்கிறோம் என்று தெரிந்தால் என்ன செய்யவேண்டும் என்பதும் தெரியும்.

எண்ணம் வந்து தட்டுவது பாவமல்ல. வனாந்தரத்தில் இயேசுவின் முன்னும் சோதனைக்காரன் வார்த்தைகளை வைத்தான், அவரோ பாவமில்லாதவர். இதைப் புரிந்துகொள்ளாத நல்ல விசுவாசிகள், எண்ணம் வந்ததற்கே குற்றவுணர்வு கொண்டு, "இனி என்ன, விழுந்தாயிற்று" என்று அடுத்த படிக்குத் தாமே இறங்கிவிடுகிறார்கள்.

பேச்சுக் கொடுக்கும் இடத்தில்தான் பெரும்பாலான தோல்வி நடக்கிறது. ஏவாள் சர்ப்பத்திடம் விளக்கம் சொல்லத் தொடங்கினாள். அந்தப் பதிலில், "அதைத் தொடவும்" கூடாது என்று தேவன் சொல்லாத ஒன்றையும் சேர்த்தாள். இயேசு மத்தேயு 4ஆம் அதிகாரத்தில் மூன்று முறையும் "எழுதியிருக்கிறதே" என்று வசனத்தால் பதில் சொல்லி முடித்தார். மூன்றும் உபாகமம் 6, 8 அதிகாரங்களிலிருந்து வந்தவை. அந்த நேரத்தில் தேடி எடுத்தவையல்ல, ஏற்கெனவே உள்ளே இருந்தவை.

எனவே பதிலை முன்கூட்டியே தயாரித்து வையுங்கள். 399இல் இறந்த எகிப்திய வனாந்தரத் துறவி எவாக்ரியுஸ், தீய எண்ணங்களை எட்டு வகையாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எதிராகச் சொல்லவேண்டிய வேதவாக்கியங்களைத் தொகுத்து வைத்தார். உங்களுக்கு எட்டும் வேண்டாம், மூன்று போதும். நோட்டில் அடிக்கடி வந்த மூன்று சொற்களுக்கு மூன்று வசனங்கள்.

தேர்ந்தெடுக்கும்போது ஆறுதல் தரும் வசனத்தை எடுக்காமல், அந்தக் குறிப்பிட்ட பொய்க்குப் பதிலாகும் வசனத்தை எடுங்கள். பொறாமைக்கு யோவான் 21:22இன் "உனக்கென்ன, நீ என்னைப் பின்பற்றிவா" பொருந்தும். பேதுரு இன்னொரு சீஷனைக் காட்டிக் கேட்டபோது இயேசு சொன்னது அது. கோபத்துக்கு யாக்கோபு 1:20: "மனுஷருடைய கோபம் தேவனுடைய நீதியை நடப்பிக்கமாட்டாதே." பணத்தைப் பற்றிய பயத்துக்கு எபிரெயர் 13:5: "நான் உன்னைவிட்டு விலகுவதுமில்லை, உன்னைக் கைவிடுவதுமில்லை." இச்சைக்கு ஆதியாகமம் 39:9இல், எஜமானின் மனைவி அழைத்தபோது யோசேப்பு கேட்ட கேள்வி: தேவனுக்கு விரோதமாய்ப் பாவம் செய்வது எப்படி? யோசேப்பு அதைக் கேட்டுவிட்டு அங்கே நின்றுகொண்டிருக்கவில்லை என்பதையும் சேர்த்து மனதில் வையுங்கள். வஸ்திரத்தை விட்டுவிட்டு ஓடினார். கண்ணும் உடலும் சம்பந்தப்பட்ட சோதனையில் வசனத்தோடு காலும் நகரவேண்டும்: அறையை விட்டு வெளியே வாருங்கள், கைப்பேசியை வேறு அறையில் வையுங்கள், ஒருவரைக் கூப்பிட்டுப் பேசுங்கள்.

வாரத்துக்கு ஒரு வசனம். காலையில் ஐந்து முறை வாய்விட்டுச் சொல்லுங்கள், மதியம் பார்க்காமல் ஒரு முறை, இரவில் ஒரு முறை. கண்ணால் மட்டும் வாசித்த வசனம் நெருக்கடியில் நாவுக்கு வருவதில்லை. மூன்று வாரத்தில் மூன்றும் உள்ளே போய்விடும். அதற்குப் பிறகு, எண்ணம் தட்டியவுடன் வசனத்தைச் சொல்லிவிட்டு வேலைக்குத் திரும்புங்கள். "இது ஏன் எனக்கு வந்தது" என்று அங்கேயே ஆராயவேண்டாம். ஆராய்ச்சிக்கு இரவில் நேரம் உண்டு.

கண்ணும் கைப்பேசியும்

"தீங்கான காரியத்தை என் கண்முன் வைக்கமாட்டேன்" என்று சங்கீதம் 101:3இல் தாவீது சொல்கிறார். இங்கே மனவுறுதியைவிட ஏற்பாடுதான் அதிகம் உதவும்.

கைப்பேசி இரவில் படுக்கையறைக்கு வெளியே சார்ஜ் ஆகட்டும்; எழுப்புவதற்கு ஒரு சாதாரணக் கடிகாரம் வையுங்கள். விழித்தபின் முதல் அரை மணி நேரம் திரையைத் தொடாமல் வேதமும் ஜெபமும் நடக்கட்டும். கைப்பேசியில் வேதம் வாசிப்பவர்கள் இந்த நேரத்துக்கு மட்டுமாவது அச்சிட்ட வேதாகமத்துக்கு மாறுங்கள். ஒரே திரையில் வசனமும் அறிவிப்புகளும் வரும்போது எது வெல்லும் என்பது தெரிந்ததே. அழைப்பையும் நெருங்கியவர்களின் செய்தியையும் தவிர எல்லா அறிவிப்புகளையும் அணைத்துவிடுங்கள்.

ரீல்ஸ், ஷார்ட்ஸ் போன்றவை நீங்கள் எதில் எவ்வளவு நேரம் நின்றீர்கள் என்பதைக் கணக்கில் எடுத்தே அடுத்ததைக் காட்டுகின்றன. கண்டிப்பதற்காகப் பார்த்தாலும், அருவருத்துக்கொண்டே பார்த்தாலும், பார்த்தது பார்த்ததுதான். அதே வகையில் இன்னும் வரும். பொல்லாத போதகரைத் திட்டுவதற்காகவே அவருடைய காணொளிகளைத் தொடர்ந்து பார்ப்பவர்களுக்கும் இது பொருந்தும். வேண்டாததை உடனே நகர்த்துங்கள், அல்லது "ஆர்வமில்லை" என்று குறியுங்கள். நீங்களாகத் தேடிப்போய்ப் பார்ப்பது, உங்களிடம் தள்ளப்படுவதைவிட எப்போதும் பாதுகாப்பானது.

ஒரு செயலியில் மூன்று முறைக்கு மேல் விழுந்திருந்தால் நேரக்கட்டுப்பாடு வைத்துப் பார்ப்பது வீண். நீக்கிவிடுங்கள். தடுப்பு மென்பொருள் போட்டால் அதன் கடவுச்சொல் வாழ்க்கைத்துணையிடமோ நம்பிக்கையான நண்பரிடமோ இருக்கவேண்டும். உங்களிடமே இருந்தால் சோதனை நேரத்தில் பத்து நொடிகூட அது நிற்காது.

இங்கே பலர் தவறவிடும் ஒன்று உண்டு. அசுத்த ஆவி திரும்பி வந்தபோது வீடு வெறுமையாயும் பெருக்கி ஜோடிக்கப்பட்டும் இருந்தது என்று மத்தேயு 12:44இல் இயேசு சொன்னார். நீக்கிய செயலி ஒரு நாளில் ஒன்றரை மணி நேரத்தை விட்டுச்செல்கிறதென்றால், அந்த ஒன்றரை மணி நேரத்துக்கு என்ன என்பதை நீக்கும் முன்பே முடிவுசெய்யுங்கள். நடைப்பயிற்சி, பிள்ளைகளோடு விளையாட்டு, ஒரு புத்தகம், சபையில் ஒரு வேலை. எல்லாமே "ஆவிக்குரியதாக" இருக்கவேண்டும் என்றில்லை. நேரம் நிரம்பியிருந்தால் போதும். பிலிப்பியர் 4:8 சொல்லும் உண்மையும் கற்பும் அன்பும் நற்கீர்த்தியும் உள்ளவை ஜெப அறைக்கு வெளியிலும் நிறைய உண்டு.

மனிதர்கள்

சங்கீதம் 1:1இல் மூன்று வினைகள் வரிசையாக வருகின்றன: நடப்பது, நிற்பது, உட்காருவது. யாரோடு எந்த நிலையில் இருக்கிறீர்கள் என்பதை அதை வைத்து அளக்கலாம். விசுவாசியல்லாத நண்பர்களை விட்டு ஓடச் சொல்வதாக இதை எடுக்கவேண்டாம். அப்படியானால் உலகத்தைவிட்டே நீங்கிப்போகவேண்டியதாகும் என்று பவுலே 1 கொரிந்தியர் 5:10இல் சொல்கிறார். இயேசுவும் ஆயக்காரரோடு பந்தியிருந்தார். கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: முடிவெடுக்கும்போது யாருடைய குரல் உங்கள் காதில் ஒலிக்கிறது? உங்கள் குடும்பத்தையும் பணத்தையும் விசுவாசத்தையும் பற்றிய ஆலோசனையை ஒரு பரியாசக்காரரிடம் கேட்பவராக ஆகிவிட்டீர்களென்றால், அவரோடு உட்கார்ந்துவிட்டீர்கள்.

அவதூறு சபைக்குள் பெரும்பாலும் ஜெபக்குறிப்பின் உடையில்தான் வரும். "இதை ஜெபத்துக்காகத்தான் சொல்கிறேன்" என்று யாரேனும் தொடங்கினால், "அப்படியானால் இப்போதே ஜெபித்துவிடுவோம்" என்று கண்களை மூடுங்கள். அல்லது "இதை அவரிடமே பேசினீர்களா?" என்று கேளுங்கள், மத்தேயு 18:15இன் முதல் படி அதுதான். இரண்டு முறை இப்படிச் செய்தால் மூன்றாம் முறை உங்களிடம் கொண்டுவரமாட்டார்கள்.

திருமணமானவர்கள் ஒரு அடையாளத்தைக் கவனிக்கவேண்டும். வாழ்க்கைத்துணையைப் பற்றிய குறையை வேறொருவரிடம் சொல்லி ஆறுதல் பெறுவது, அவருடைய குறுஞ்செய்திக்காகக் காத்திருப்பது, அந்த உரையாடலை அழித்துவிடுவது: இம்மூன்றில் இரண்டு இருந்தால் அந்த உறவைத் தொடரக்கூடாது. அது ஜெபக்குழுவில் தொடங்கிய நட்பாக இருந்தாலும் அப்படித்தான்.

தேவனுடைய பெயரில் வரும் தீங்கு

இதற்குத்தான் விசுவாசிகள் மிகக் குறைவாகத் தயாராயிருக்கிறார்கள். 1 இராஜாக்கள் 13இல் யூதாவிலிருந்து வந்த தேவனுடைய மனுஷன், ராஜா வெகுமதி தருவதாக அழைத்தபோது உறுதியாக மறுத்தார். பாதி வீட்டைக் கொடுத்தாலும் வரமாட்டேன் என்றார். அவரை வீழ்த்தியவர் ஒரு கிழவனான தீர்க்கதரிசி: "நானும் தீர்க்கதரிசிதான், ஒரு தூதன் என்னோடு சொன்னான்" என்ற ஒரே பொய்யால். வெளியிலிருந்து வந்த ஆசைக்கு விழித்திருந்த காவல், ஊழியக்காரரின் உடையைக் கண்டதும் தூங்கிவிட்டது.

"எல்லா ஆவிகளையும் நம்பாமல், அந்த ஆவிகள் தேவனால் உண்டானவைகளோ என்று சோதித்தறியுங்கள்" என்று 1 யோவான் 4:1 கட்டளையிடுகிறது. அந்தச் சோதனையில் முதல் கேள்வி அடுத்த வசனத்திலேயே வருகிறது: மாம்சத்தில் வந்த இயேசு கிறிஸ்து இந்தப் போதனையின் மையத்தில் இருக்கிறாரா, அல்லது ஊழியரும் அவருடைய வல்லமையுமா? பவுல் பிரசங்கித்ததையே பெரோயா பட்டணத்தார் தினந்தோறும் வேதவாக்கியங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அதற்காக அப்போஸ்தலர் 17:11 அவர்களைப் புகழ்கிறது. சோதித்தறிவது அவிசுவாசம் என்று சொல்லும் ஊழியர் பவுலைவிடப் பெரியவரல்ல.

செய்முறை எளிது. பிரசங்கத்தில் சொன்ன வசனத்தைக் குறித்துவந்து, அன்றே அந்த அதிகாரம் முழுவதையும் வாசியுங்கள். ஒரு வசனத்தின் பாதியை மட்டும் எடுத்துப் போதிப்பது அடிக்கடி நடந்தால் எச்சரிக்கை. அடுத்து, போதனை எங்கே போய் முடிகிறது என்று பாருங்கள். ஒவ்வொரு செய்தியும் காணிக்கையில் முடிந்தால், "இவ்வளவு விதைத்தால் இவ்வளவு அறுப்பாய்" என்று தொகை சொல்லப்பட்டால், அது 2 கொரிந்தியர் 9:7 சொல்லும் கொடுத்தல் அல்ல. விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல, அவனவன் மனதில் நியமித்தபடியே கொடுக்கவேண்டும் என்கிறது அந்த வசனம்.

யாராவது உங்களுக்குத் தனிப்பட்ட தீர்க்கதரிசனம் சொன்னால் தேதியோடு எழுதிவையுங்கள். சொன்னது நிறைவேறாவிட்டால் அது கர்த்தர் சொல்லாத வார்த்தை என்று உபாகமம் 18:22 தீர்மானிக்கிறது. நிறைவேறினாலும் அது போதாது: அடையாளம் பலித்தாலும் வேறு தேவர்களிடம் இழுப்பவனுக்குச் செவிகொடாதே என்று உபாகமம் 13:1-3 சொல்கிறது. திருமணம், வேலை, வீடு விற்பது போன்ற முடிவுகளை ஒருவருடைய தரிசனத்தை மட்டும் வைத்து எடுக்கவேண்டாம். "யாரிடமும் சொல்லாதே", "குடும்பத்தாருக்கு இது புரியாது", "இப்போதே முடிவெடு" என்ற மூன்று சொற்றொடர்களில் ஒன்று வந்தாலும் நின்றுவிடுங்கள்.

"நான் அபிஷேகம்பண்ணினவர்களை நீங்கள் தொடாமலும்" என்ற சங்கீதம் 105:15 ஊழியர்களைக் கேள்வி கேட்கக்கூடாது என்பதற்குப் பயன்படுத்தப்படுகிறது. அந்த இடத்தில் ராஜாக்களைப் பார்த்து, ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபுக்குத் தீங்குசெய்யாதீர்கள் என்று சொல்லப்படுகிறது. தீர்க்கதரிசியான நாத்தான், ராஜாவாகிய தாவீதின் பாவத்தை அவர் முகத்துக்கு நேரே சுட்டிக்காட்டினார். பவுல் பேதுருவை முகமுகமாய் எதிர்த்தார், கலாத்தியர் 2:11. சபையில் ஒருவர் பாலியல் தீங்கோ வன்முறையோ பண மோசடியோ செய்திருந்தால், "இருதயத்தைக் கசப்பில்லாமல் காத்துக்கொள்" என்று பாதிக்கப்பட்டவரை மௌனமாக்குவது நீதிமொழிகள் 4:23ஐத் திருடுவது. அதைக் காவல்துறையிடம் சொல்லுங்கள். பிள்ளை சம்பந்தப்பட்டிருந்தால் சபைப் பெரியவர்களின் முடிவுக்காக ஒரு நாள்கூடக் காத்திருக்கவேண்டாம்.

உள்ளேயே முளைப்பது

வாசல்கள் எல்லாம் அடைத்திருந்தாலும் மாற்கு 7:21 சொல்வதுபோல பொல்லாத சிந்தனைகள் உள்ளிருந்தே புறப்படும். எபிரெயர் 12:15இன் கசப்பான வேர் இதில் முக்கியமானது. மன்னிக்க முடியாத ஒருவர் இருந்தால், அவர் செய்தது என்ன, அதனால் நீங்கள் இழந்தது என்ன என்று ஒரு தாளில் முழுமையாக எழுதுங்கள். குறைத்து எழுதவேண்டாம், சிறிதாக்கப்பட்ட கடனை மன்னித்தால் மீதி உள்ளேயே கிடக்கும். பிறகு அந்தத் தாளை வைத்துக்கொண்டு தேவனிடம் பெயர் சொல்லி மன்னிப்பை அறிக்கையிடுங்கள். நினைவு திரும்பும்போதெல்லாம் மறுபடியும் செய்யவேண்டியிருக்கும். மன்னிப்பதும் மறுபடி நம்புவதும் வேறு வேறு. தீங்கு செய்தவரோடு பழையபடி பழகவேண்டும் என்பது மன்னிப்பின் நிபந்தனையல்ல.

இரவில் பத்து நிமிடம்

இயேசு சபையை நிறுவிய கத்தோலிக்கக் குருவான லொயோலா இஞ்ஞாசியார் 16ஆம் நூற்றாண்டில் கற்பித்த ஆய்வு முறை ஐந்து படிகள் கொண்டது: நன்றி சொல்வது, தன்னைக் காண ஒளி கேட்பது, கழிந்த நாளை மணிக்கு மணி நினைத்துப் பார்ப்பது, மன்னிப்பு கேட்பது, நாளைக்கு ஒரு தீர்மானம் எடுப்பது. எந்தச் சபையைச் சேர்ந்தவரும் இதைச் செய்யலாம். நன்றியை விட்டுவிட்டு நேராகக் குற்றங்களுக்குப் போனால் ஒரு வாரத்தில் அது தன்னைத் தானே திட்டும் நேரமாகிவிடும். அதனால் முதல் இரண்டு நிமிடத்தைக் குறைக்காதீர்கள். தீர்மானம் ஒன்றே ஒன்றாக, நேரமும் இடமும் உள்ளதாக இருக்கட்டும். "நாளை பொறுமையாயிருப்பேன்" என்பது நிற்காது. "நாளை மாலை வீட்டுக்குள் நுழையும் முன் ஒரு நிமிடம் ஜெபிப்பேன்" என்பது நிற்கும். மனம் வறண்டு சோர்ந்திருக்கும் காலத்தில் முந்திய நல்ல தீர்மானங்களை மாற்றவேண்டாம் என்றும் இஞ்ஞாசியார் சொல்கிறார். சபையை விட்டு விலகுவது, ஊழியத்தை விடுவது, உறவை முறிப்பது பற்றிய எண்ணம் அப்போதுதான் பலமாக வரும்.

சத்துரு இரகசியத்தை விரும்புகிறான் என்பதும் அவருடைய கவனிப்பு. ஆகவே ஒரே பாலினத்தைச் சேர்ந்த, உங்களைவிட விசுவாசத்தில் முதிர்ந்த ஒருவரை வாரம் ஒரு முறை அரை மணி நேரம் சந்தியுங்கள். கேள்விகளை முன்பே கொடுத்துவிடுங்கள்: இந்த வாரம் எங்கே விழுந்தாய், எங்கே விழப்பார்த்தாய், எதை என்னிடம் சொல்லாமல் விடப்பார்க்கிறாய். மூன்றாம் கேள்வி இல்லாமல் இந்தச் சந்திப்பு மெல்ல மெல்ல நலம் விசாரிப்பாக மாறிவிடும்.

காவல் பயமாக மாறும்போது

சிலருக்கு எதிர்ப்பக்கம் ஆபத்து. அருவருப்பான அல்லது தேவதூஷணமான எண்ணங்கள் விருப்பமில்லாமல் திரும்பத் திரும்ப வந்து, அவற்றை நீக்க ஒரே ஜெபத்தைப் பத்து, இருபது முறை சொல்லவேண்டியதாயிருந்தால், பாவமன்னிப்பின் நிச்சயம் ஒரு மணி நேரம்கூடத் தங்காவிட்டால், இன்னும் அதிகக் காவல் வைப்பது நிலைமையை மோசமாக்கும். அது எண்ணச் சுழற்சி நோயின் (OCD) அறிகுறியாக இருக்கலாம். மனநல மருத்துவரைப் பாருங்கள். அதற்குச் சிகிச்சை உண்டு. நீங்கள் வெறுக்கும் எண்ணத்துக்கு நீங்கள் சம்மதித்ததாகத் தேவன் கணக்கு வைப்பதில்லை. பிலிப்பியர் 4:7இல் இருதயத்தைக் காப்பதாகச் சொல்லப்படுவது தேவசமாதானம். அதை அவர் தருகிறார்.

விழுந்துவிட்டால், அன்றைய தினமே 1 யோவான் 1:9இன்படி அறிக்கையிடுங்கள். 24 மணி நேரத்துக்குள், வாரந்தோறும் சந்திக்கும் அந்த நண்பரிடம் சொல்லுங்கள். மறுநாளைத் தாண்டினால் சொல்லாமலே போய்விடும். பிறகு நோட்டை எடுத்து, விழுந்த நேரத்திலிருந்து பின்னோக்கி நடங்கள். தாவீதின் வீழ்ச்சி பத்சேபாளைக் கண்ட மாலையில் தொடங்கவில்லை; 2 சாமுவேல் 11:1 ராஜாக்கள் யுத்தத்திற்குப் புறப்படும் காலத்தில் அவர் எருசலேமில் இருந்துவிட்டதிலிருந்து கணக்கெடுக்கிறது. உங்கள் கணக்கிலும் அப்படி ஒரு முந்திய மணி நேரம் இருக்கும்: தூக்கமில்லாத இரவு, தவறவிட்ட கூடுகை, யாரிடமும் சொல்லாத வருத்தம். அதை எழுதி, அடுத்த வாரத்தின் ஒரே தீர்மானமாக அந்த மணி நேரத்துக்கு ஏற்பாடு செய்யுங்கள்.